ஸ்வாப் நிறைந்தால் கசிவா? மாடிப்படியைக் கவனி

கேள்வி: அண்ணே, பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமாவின் துணிக்கடைக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, ரேம் 8 ஜிபி, ஸ்வாப் 4 ஜிபி. பில் போடும் மென்பொருள் பிஎச்பி. டேட்டாபேஸ் மரியாடிபி. சரக்கிருப்பைக் கணக்கிடும் பைத்தான் வொர்க்கர் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாம் இழுக்கிறது. ரீபூட் செய்தால் சரியாகிவிடுகிறது. "ஃப்ரீ -எம்" போட்டால் டோட்டல் 7900, யூஸ்டு 5620, ஃப்ரீ 180, ஷேர்டு 1350, பஃப்/கேஷ் 2100, அவைலபிள் 640 என்று வருகிறது. ஸ்வாப் 4095-இல் 3050 போய்விட்டது. பிஎஸ் பட்டியலில் மரியாடிபி 2.1 ஜிபி, பைத்தான் வொர்க்கர் 1.3 ஜிபி, பிஎச்பி 18 ப்ராசஸ், ஒவ்வொன்றும் 140 எம்பி. இது மெமரி லீக்தானா? ரேமை 16 ஜிபி ஆக்கு என்கிறார்கள். மாதாமாதம் கூடும் வெள்ளியை (ரிங்கிட்) நினைத்து மாமா தயங்குகிறார். தீபாவளி வியாபாரத்துக்கு முன் சரியாக வேண்டும்.

பதில்:

தம்பி, ரேம் வாங்கும் பேச்சை இரண்டு வாரம் தள்ளிவை. நிரல் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் கசிவுதான் (மெமரி லீக்) என்றால் 16 ஜிபியும் நிறையும், நாலு நாளுக்குப் பதில் பத்து நாள் ஆகும், அவ்வளவுதான். கசிவு இல்லை என்றால் ஒருவேளை ரேமே தேவைப்படாது. எது என்று உன் எண்களை வைத்து இப்போதே அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு அவற்றில் இரண்டு துப்பு இருக்கிறது. அவற்றில் ஒன்றை நீ கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஸ்வாப் பயத்தை இறக்கி வைப்போம். ஸ்வாப் என்பது ரேமில் இருப்பதை ஏற்றிவைக்க வட்டில் ஒதுக்கிய இடம். உங்கள் தெருவில் பழைய கடைவீடுகள் எப்படி இருக்கும்? கீழே கடை, மேலே சரக்கு. போன வருஷம் வந்து விலைபோகாத புடவைக் கட்டுகளை மாமா மாடிக்கு ஏற்றிவிடுவார், கீழே அலமாரியில் இடம் கிடைக்கும். மாடி நிறைய சரக்கு இருப்பதால் வியாபாரம் கெடுவதில்லை. வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு புடவைக்கும் பையன் மாடிப்படி ஏறி இறங்கினால்தான் கெடும். ஸ்வாப்பும் அப்படித்தான். 3050 என்பது மாடியில் எவ்வளவு கிடக்கிறது என்ற கணக்கு மட்டுமே. பையன் ஏறி இறங்குகிறானா என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்வது விஎம்ஸ்டாட் என்ற கட்டளை. "விஎம்ஸ்டாட் 1" என்று போட்டுவிட்டு ஒரு நிமிஷம் பார். முதல் வரியை விட்டுவிடு, அது சர்வர் எழுந்ததிலிருந்து இன்றுவரையான சராசரி. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வரியிலிருந்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனி. எஸ்ஐ என்பது மாடியிலிருந்து ஒரு நொடியில் கீழே வந்தது, எஸ்ஓ என்பது மேலே போனது. இரண்டும் பூஜ்யத்தில் நின்றால் ஸ்வாப்பில் 3 ஜிபி இருந்தாலும் அது தூங்கும் சரக்கு. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டே இருந்தால் அதுதான் நோய். ரேமிலிருந்து ஒன்றைப் படிக்கச் சுமார் 100 நானோ நொடி, எஸ்எஸ்டியிலிருந்து என்றால் சுமார் 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் வட்டு என்றால் கணக்கு லட்சம் மடங்குக்குப் போய்விடும். பில் கவுண்டரில் திரை உறைந்து நிற்பது அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று, ஸ்வாப்புக்குப் போனது நெருக்கடி தீர்ந்தவுடன் தானாகத் திரும்பி வராது. மெமரியை லினக்ஸ் பக்கம் என்ற சிறு துண்டுகளாகத்தான் நகர்த்தும், யாராவது அந்தப் பக்கத்தைத் தொட்டால்தான் அது வரும். இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப் ஓடும்போது மாடியேறியது, மறுநாள் மதியம் நீ பார்க்கும்போதும் அங்கேயே கிடக்கும். அப்படித் தொட்டுக் கீழே வந்த பக்கத்துக்கும் மாடியில் ஒரு பிரதி இருந்துகொண்டே இருக்கலாம். ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பில் ஸ்வாப்கேஷ்டு என்று இருப்பது அதைத்தான். ஆகவே 3050 முழுவதும் ரேமுக்கு வெளியே இருக்கிறது என்றும் எண்ணிவிடாதே.

சரி, ஃப்ரீ கட்டளை. ஃப்ரீ 180 என்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அதில் கோப்புகளை லினக்ஸ் வைத்துக்கொள்ளும், யாராவது இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அவைலபிள் பத்திதான் சொல்கிறது. 2014-இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 3.14 முதல் இந்த மதிப்பீட்டைக் கெர்னலே செய்து தருகிறது. அதற்கு முன் ஆளாளுக்கு ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டல் தப்பு. ஏன் தப்பு என்பதற்கு உன் எண்களே சாட்சி: 180-உம் 2100-உம் கூட்டினால் 2280 வருகிறது, அவைலபிள் 640 என்கிறது. மிச்சம் எங்கே?

ஷேர்டு 1350. நீ தாண்டிப்போன துப்பு இதுதான்.

பஃப்/கேஷ் என்ற பெயருக்குள் இரண்டு வகைச் சரக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒன்று வட்டிலிருந்து படித்த கோப்புகளின் பிரதி. வேண்டாம் என்றால் தூக்கி எறிந்துவிடலாம், மூலம் வட்டில் இருக்கிறது. இன்னொன்று டிஎம்பிஎஃப்எஸ் என்ற, வட்டுக்குப் பதில் ரேமிலேயே இருக்கும் கோப்பிடத்தின் கோப்புகளும், ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) பகிர்ந்துகொள்ளும் மெமரியும். இவற்றுக்கு வட்டில் மூலமே கிடையாது, எறிய முடியாது, வேண்டுமானால் ஸ்வாப்புக்கு ஏற்றலாம். கணக்கில் கேஷ் போல நிற்கும், நடத்தையில் கேஷ் இல்லை. மொழிபெயர்த்த நிரலைச் சேமித்துவைக்கும் பிஎச்பியின் ஆப்கேஷ் இதில் ஒரு பங்கு, ஆனால் அது இயல்பு அமைப்பில் 128 எம்பிதான். மிச்சம் 1200 எம்பிக்கு மேல் யாருடையது?

"டிஎஃப் -எச் -டி டிஎம்பிஎஃப்எஸ்" போட்டுப் பார். டெவ் அடைவுக்குள் இருக்கும் எஸ்எச்எம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். அதற்கு இயல்பான வரம்பு ரேமில் பாதி, உன் சர்வரில் கிட்டத்தட்ட 4 ஜிபி. ஃப்ரீ காட்டும் ஷேர்டு ரேமில் இருப்பதை மட்டுமே எண்ணும். டிஎஃப் ஸ்வாப்புக்கு ஏறியதையும் சேர்த்து எண்ணும். அதனால் டிஎஃப் எண் பெரிதாக வந்தால் ஆச்சரியப்படாதே. அங்கே கோப்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இடம் மட்டும் போயிருக்கிறது என்றால், யாரோ கோப்பை அழித்துவிட்டுத் திறந்தபடியே வைத்திருக்கிறார்கள். "எல்எஸ்ஓஎஃப் +எல்1" அவர்களைப் பிடித்துக் கொடுக்கும். பழைய பாணிப் பகிர்வு மெமரி என்றால் "ஐபிசிஎஸ் -எம்".

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அவமானம். பல வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு சர்வர் வாரத்துக்கு ஒருமுறை விழும். மெமரி லீக் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சோதனைப் பிரதியில், கசிவு தேடும் வால்கிரைண்ட் கருவியைப் போட்டு இரண்டு இரவு உட்கார்ந்தேன். வால்கிரைண்டில் நிரல் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும். ஒரு கோரிக்கை முடிவதற்குள் கீழே மாமாக் உணவுக்கடைக்குப் போய் ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்துவிட்டு வரலாம், நானும் அதைத்தான் செய்தேன். கசிவு ஒரு பைட்கூட அகப்படவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மேசையில் இருந்த அக்கா வேறு எதற்கோ டிஎஃப் போட்டார். அறிக்கைகளுக்கான படங்களை வேகமாக இருக்கட்டும் என்று யாரோ டெவ்-எஸ்எச்எம்மில் எழுதியிருந்தார்கள், அழிக்க மறந்திருந்தார்கள். எந்த ப்ராசஸும் கசியவில்லை. எந்த ப்ராசஸின் கணக்கிலும் வராத மெமரியை நான் ப்ராசஸுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடையில் ரசீதை பிடிஎஃப் ஆக்கும் நிரல் எங்கே எழுதுகிறது என்று ஒருதரம் பார்த்துவிடு.

இரண்டாவது துப்பு அந்த பிஎஸ் பட்டியல். அதில் இருப்பது ஆர்எஸ்எஸ், அதாவது அந்த ப்ராசஸுக்காக இப்போது ரேமில் இருக்கும் பக்கங்கள். இந்த எண்ணில் இரண்டு கோளாறு.

ஒன்று, பகிர்ந்த பக்கங்களை ஒவ்வொரு ப்ராசஸும் தன்னுடையதாகவே காட்டும். 18 பிஎச்பி, தலைக்கு 140 என்று பெருக்கி 2.5 ஜிபி என்று எழுதினால் ஒரே ஆப்கேஷைப் பதினெட்டு தரம் எண்ணியதாகிவிடும். குடும்பத்தில் பதினெட்டு பேரும் "எங்கள் வீடு" என்று சொன்னால் பதினெட்டு வீடு ஆகிவிடுமா? பங்கு பிரித்த கணக்கு பிஎஸ்எஸ். ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குள் ஸ்மாப்ஸ்_ரோல்அப் என்ற கோப்பில் அது கிடைக்கும், கெர்னல் 4.14 முதல் உண்டு. எஸ்மெம் என்ற சிறு கருவியை நிறுவிக்கொண்டால் எல்லா ப்ராசஸுக்கும் ஒரே அட்டவணையாகத் தரும், ஸ்வாப் பத்தியோடு.

இரண்டாவது கோளாறுதான் முக்கியம், பலரும் தவறவிடுவது. கசிந்த மெமரி என்றால் என்ன? நிரல் கேட்டு வாங்கி, பிறகு மறந்துவிட்ட இடம். மறந்ததை யாரும் தொட மாட்டார்கள். தொடாத பக்கங்களைத்தான் கெர்னல் முதலில் மாடிக்கு ஏற்றும். அப்படியென்றால் கசியும் ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கக்கூடும், ஏன், இறங்கக்கூடும். அதன் கசிவெல்லாம் ஸ்வாப்பில் குவிந்துகொண்டிருக்கும். உன் பட்டியலில் வொர்க்கர் 1.3 ஜிபி, மரியாடிபி 2.1 ஜிபி என்று பார்த்துவிட்டு மரியாடிபியைச் சந்தேகப்படத் தோன்றும். ஸ்வாப்பில் இருக்கும் 3 ஜிபி யாருடையது என்று தெரியாமல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

அதைத் தெரிந்துகொள்வது சுலபம். ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் கீழே ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் விஎம்ஸ்வாப் என்ற வரியை எல்லா ப்ராசஸுக்கும் கிரெப் செய்து (தேடியெடுத்து) வரிசைப்படுத்து. அல்லது டாப் கட்டளை ஓடும்போது எஃப் விசையை அழுத்தி ஸ்வாப் பத்தியைச் சேர்த்துக்கொள். வந்த எண்களைக் கூட்டிப் பார். மொத்தம் 3050-க்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் ப்ராசஸ்களுடையது. 2000 மட்டும்தான் வருகிறது என்றால், காணாத ஆயிரத்தில் பெரும் பங்கு டிஎம்பிஎஃப்எஸ் சரக்காக இருக்கும். ஏனென்றால் பகிர்வு மெமரி ஸ்வாப்புக்குப் போனால் விஎம்ஸ்வாப் அதை எண்ணாது. அப்போது மறுபடி டெவ்-எஸ்எச்எம் பக்கம் திரும்ப வேண்டும்.

ஸ்வாப் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்ககால யூனிக்ஸில் ஒரு ப்ராசஸை முழுசாகத் தூக்கி வட்டில் போட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுவருவார்கள், மாற்றிக்கொள்வது என்ற பொருளில் அது சரியான பெயர். பெர்க்லியின் 3பிஎஸ்டி 1979-இல் வாக்ஸ் கணினிக்கு வந்தபோது பக்கம் பக்கமாக நகர்த்தும் முறை வந்தது. பெயர் மட்டும் பழையதாகவே ஒட்டிக்கொண்டது. ஆகவே "வொர்க்கர் ஸ்வாப்புக்குப் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், அதன் சில பக்கங்கள் போயிருக்கின்றன என்று எடுத்துக்கொள்.

இப்போது அளப்பது. ஒரு படத்தை வைத்துக் கசிவு என்று சொல்ல முடியாது, பல படங்கள் வேண்டும். ரீபூட் செய்த கணத்திலிருந்து 10 நிமிஷத்துக்கு ஒருமுறை, மரியாடிபி, வொர்க்கர், பிஎச்பி ஒவ்வொன்றுக்கும் ஆர்எஸ்எஸ்ஸையும் விஎம்ஸ்வாப்பையும் கூட்டி ஒரு கோப்பில் எழுதும்படி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானில் ஐந்து வரி ஸ்கிரிப்ட் போடு. கூடவே மெம்இன்ஃபோவிலிருந்து எஸ்எச்மெம், எஸ்அன்ரிக்ளெய்ம் இரண்டு வரி. எஸ்அன்ரிக்ளெய்ம் எதற்கு என்றால், கெர்னல் தனக்கென்று எடுத்து, திருப்பித் தர முடியாமல் வைத்திருக்கும் இடம் அது. எந்த ப்ராசஸும் வளராமல் யூஸ்டு மட்டும் வளர்ந்தால் அங்கே பார்க்க வேண்டும், ஸ்லாப்டாப் விவரம் தரும். உன் விஷயத்தில் அது இருக்காது என்பது என் ஊகம். ஆனால் அளப்பதற்குக் காசா பணமா?

நாலு நாள் கழித்து அந்தக் கோப்பை வரைபடமாக்கிப் பார். கோடு ஏறி ஒரு இடத்தில் சமமாகிவிட்டால் அது கசிவு இல்லை. மரியாடிபி அப்படித்தான் இருக்கும்: தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் அதன் இன்னோடிபி பஃபர் பூல் நீ கொடுத்த அளவு வரை நிறையும், அதோடு நிற்கும். அதைப் பார்த்துக் கசிவு என்று சொல்வது, தொட்டி நிறைவதைப் பார்த்துக் குழாய் உடைந்துவிட்டது என்று சொல்வது போல. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் அது, வேண்டாத மெமரியைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் உள்ள மொழிகளின் இயல்பு. ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பார். நிற்காமல் ஏறினால் மட்டும் கசிவு. அதிலும் எதற்கு ஏற்ப ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கடை மூடிய இரவிலும் அதே வேகத்தில் ஏறினால் அது நேரத்தைப் பின்தொடர்கிறது, எங்கோ ஒரு டைமர் வேலை. பகலில் ஏறி இரவில் நின்றால் அது பில் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. ஒரு பில்லுக்கு எத்தனை கேபி என்று வகுத்துப் பார்த்தால் எந்தப் பொருள் தங்கிவிடுகிறது என்றே சில நேரம் புரிந்துவிடும். பினாங்கில் நீங்கள் எப்போது கடை மூடுகிறீர்கள் என்பதுகூட இங்கே ஒரு பரிசோதனைக் கருவி.

அளக்கத் தொடங்கிய பிறகு அவசரப்பட்டு ரீபூட் செய்யாதே. தடயம் முழுவதும் அந்த ரேமில் இருக்கிறது. கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் மெம்இன்ஃபோ, டிஎஃப், விஎம்ஸ்வாப் பட்டியல், ஒரு நிமிஷ விஎம்ஸ்டாட் இந்த நாலையும் கோப்பில் பிடித்துவிட்டுச் செய். முழுச் சர்வரையும் நிறுத்தவும் வேண்டாம். வொர்க்கரை மட்டும் நிறுத்திப் பார், ஸ்வாப் கணக்கு சட்டென்று 2 ஜிபி இறங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

வொர்க்கர்தான் என்று வைத்துக்கொள்வோம். என் பந்தயமும் அதன் மேல்தான். பைத்தானில், சி மொழியில் வருவது போல முகவரியைத் தொலைத்துவிட்ட கசிவு அபூர்வம். நடப்பது வேறு: யாரோ ஒரு டிக்ஷனரியையோ பட்டியலையோ நிரல் முழுவதற்கும் பொதுவாக வைத்து அதில் போட்டுக்கொண்டே போகிறார்கள், எடுப்பதில்லை. சரக்கு எண்ணுக்கு விலை தேடும் செயல்பாட்டுக்கு எல்ஆர்யு கேஷ் (முந்தைய விடைகளை நினைவில் வைப்பது) போட்டு, மேக்ஸ்சைஸ் நன், அதாவது வரம்பு இல்லை என்று கொடுத்திருந்தால் அதுவே போதும். கணினியைப் பொறுத்தவரை அது கசிவே இல்லை, எல்லாம் பத்திரமாகக் கையில் இருக்கிறது. வால்கிரைண்டும் ஒன்றும் சொல்லாது. ட்ரேஸ்மாலக் சொல்லும். பைத்தான் 3.4 முதல் கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். வொர்க்கர் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்நாப்ஷாட், ஆறு மணி நேரத்தில் இன்னொன்று, இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் எந்தக் கோப்பில் எந்த வரி எவ்வளவு கூடியது என்று வரிசையாகத் தரும். பெரும்பாலும் முதல் மூன்று வரிக்குள் திருடன் இருப்பான். வொர்க்கரை மாற்ற வாய்ப்பில்லை என்றால் ப்ளூம்பெர்க் 2022-இல் வெளியிட்ட மெம்ரேயைப் பார். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடு ஒட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். சி நூலகங்களுக்குள் நடப்பதையும் அது காட்டும், ட்ரேஸ்மாலக் அதில் பாதிக்குருடு.

ட்ரேஸ்மாலக் ஒன்றும் வளரவில்லை என்கிறது, ஆனால் ப்ராசஸ் வளர்கிறது. இதுவும் நடக்கும். அப்போது சந்தேகம், நிரலுக்கு மெமரி பிரித்துக் கொடுக்கும் மாலக் மேலேயே. அது இருக்கும் ஜிலிப்சி நூலகம், 64 பிட் கணினியில் ஒரு கோருக்கு 8 வரை தனித்தனி அரீனா (மெமரிக் கிடங்கு) வைத்துக்கொள்ளும். பல த்ரெட் ஓடும் நிரலில் ஒவ்வொரு அரீனாவிலும் ஆங்காங்கே துண்டு துண்டாக இடம் மாட்டிக்கொள்ளும். நிரல் விடுவித்தாலும் கெர்னலுக்குத் திரும்பாது. மாலக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து வொர்க்கரைத் தொடங்கிப் பார். கோடு படுத்துவிட்டால் அது கசிவு இல்லை, சில்லறைத் துண்டு பிரச்சினை. இதற்காக நிரலை மாற்றி எழுதி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பிஎச்பிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிஎம்.மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் இயல்பாகப் பூஜ்யம், அதாவது எத்தனை கோரிக்கை முடித்தாலும் அதற்காக ஒரு ப்ராசஸ் ஓய்வு பெறாது. 500 என்று வை. கசிந்தாலும் ஐநூறு கோரிக்கைக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்கும். எத்தனை ப்ராசஸ் வரை ஓடலாம் என்ற மேக்ஸ்_சில்ட்ரன் எண்ணை பிஎஸ்எஸ் கணக்கைப் பார்த்துவிட்டு வை, ஆர்எஸ்எஸ்ஸைப் பெருக்கி வைக்காதே.

நோய் கண்டுபிடிக்கும்வரை கட்டுப்போட ஒரு வழி இருக்கிறது, தீபாவளி நெருங்குவதால் இதை இன்றே செய். வொர்க்கரின் சிஸ்டம்டி யூனிட்டில் (அதைத் தொடங்கி நிறுத்தும் அமைப்புக் கோப்பு) மெமரிஹை 1200 எம், மெமரிமேக்ஸ் 1500 எம், மெமரிஸ்வாப்மேக்ஸ் 500 எம், ரீஸ்டார்ட் ஆல்வேஸ். எல்லை தாண்டினால் அது மட்டும் சாகும், உடனே எழும், பில் கவுண்டர் நிற்காது. சரக்குக் கணக்கு நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட முடியுமா என்று மட்டும் முதலில் உறுதிசெய்துகொள். மரியாடிபிக்கு ஊம்ஸ்கோர்அட்ஜஸ்ட் -500 கொடு. ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்துபோனால் கெர்னல் ஒருவரைக் கொல்லும். பருமனில் பெரியவரைத்தான் பார்க்கும், ரேமில் இருப்பதையும் ஸ்வாப்பில் இருப்பதையும் கூட்டித்தான் எடைபோடும். குற்றவாளி இளைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பெரியவர் டேட்டாபேஸாக இருந்துவிடலாம். கடைசி ரீபூட்டுக்குப் பின் யாரையாவது கொன்றிருக்கிறதா என்று "ஜர்னல்சிடிஎல் -கே" வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடிப் பார்.

செய்யக் கூடாதவை இரண்டு சொல்கிறேன், இணையத்தில் இரண்டையும் தீர்வு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்று, ட்ராப்_கேஷஸில் 3 எழுதும் க்ரான். தூக்கி எறியக்கூடிய கேஷைத்தான் அது எறியும், அது ஏற்கெனவே கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். கசிந்ததில் ஒரு பைட்டும் திரும்பாது, எறிந்த கோப்புகளைத் தேவைப்படும்போது வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டிவரும். இரண்டு, உன் இப்போதைய நிலையில் "ஸ்வாப்ஆஃப் -ஏ". மாடியில் 3050, கீழே கிடைப்பது 640. எங்கே இறக்கி வைப்பாய்? கட்டளை பாதியில் தோற்கும், அல்லது யாரையாவது கொன்றுவிட்டு முடியும்.

ஸ்வாப்பையே எடுத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பாய். வேண்டாம். ஸ்வாப் இல்லாவிட்டால் நெருக்கடியில் கெர்னல் எறிய மிச்சமிருப்பது கோப்புப் பக்கங்கள் மட்டுமே. நிரலின் ஓடும் கட்டளைகளும் கோப்புப் பக்கங்கள்தான். அவற்றை எறிந்து, உடனே மறுபடி படித்து, மறுபடி எறியும். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யம், ஆனாலும் சர்வர் அசையாது. இப்படிப்பட்ட நெரிசலைப் பார்க்க கெர்னல் 4.20 முதல் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: ப்ராக் அடைவில் ப்ரெஷர் என்பதற்குள் மெமரி என்ற கோப்பு. அதில் ஃபுல் வரியின் ஏவிஜி10 என்பது, கடந்த 10 நொடியில் எத்தனை சதவீத நேரம் எல்லா வேலையும் மெமரிக்காகக் காத்துக் கிடந்தது என்று சொல்லும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நான் இப்போதெல்லாம் எச்சரிக்கை மணியை ஸ்வாப் சதவீதத்தில் கட்டுவதில்லை, இதில்தான் கட்டுகிறேன். ஸ்வாப்பினெஸ் 60-இல் இருப்பதை டேட்டாபேஸ் சர்வர் என்பதால் 10 ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் அது கசிவை நிறுத்தாது, மாடியேறும் வேகத்தை மட்டும் மாற்றும்.

    

ரேம் கேள்விக்கு வருகிறேன். வொர்க்கரைக் கட்டுப்போட்டு, டெவ்-எஸ்எச்எம்மைத் துடைத்த பிறகு, ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் அவைலபிள் 1500-க்குக் கீழே இறங்காமல், எஸ்ஐ பூஜ்யத்திலேயே நின்றால் 8 ஜிபி போதும், மாமாவின் வெள்ளி அவர் பெட்டியிலேயே இருக்கட்டும். இரண்டையும் செய்தும் எஸ்ஐ துள்ளினால் வேலைக்கே இடம் பற்றவில்லை என்று பொருள், அப்போது தயங்காமல் 16 வாங்கச் சொல். க்ரான் ஸ்கிரிப்டை இன்று இரவே போட்டுவிடு. நாலாம் நாள் அந்தக் கோப்பையும், டிஎஃப் வெளியீட்டையும், விஎம்ஸ்வாப் பட்டியலையும் இங்கே ஒட்டு, எந்தக் கோடு ஏறுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.